இலங்கைக் கரையோரக் கடலில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் பரவலைக் கணக்கெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆழ்கடல் விலங்கு ஆயிற்றே, அதைக் கரையோரக் கடலில் ஏன் தேட வேண்டும்?

எண்ணெய்த் திமிங்கிலம் என்றும் அழைக்கப்படும் இந்த விலங்கு, பெரும்பாலும் 400 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் கணவாய் இனங்களை வேட்டையாடி வாழ்கிறது. பெண் திமிங்கிலங்களும் அவற்றின் குட்டிகளும் வழக்கமாக 1,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழமுள்ள நீரிலேயே திரிகின்றன. ஆகவே கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அவற்றுக்குப் பொருட்டன்று. காலடியில் எவ்வளவு ஆழம் என்பதே பொருட்டு. கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தளமான கண்டத்திட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் நாடுகளில் இவை கரையோரத்தை எட்டிப் பார்ப்பது அரிது. இலங்கையைச் சுற்றியோ, வடக்கு, வடமேற்குப் பகுதிகள் நீங்கலாக, கண்டத்திட்டு மிகக் குறுகலானது. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடல்வரை இறங்குகிறது. தெற்கே தெவிநுவர முனைக்கு அப்பாலும், மேற்கே கற்பிட்டித் தீபகற்பத்தின் பவளப்பாறைகளைத் தாண்டியும் கடலடி சட்டென்று சரிகிறது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் சிறு படகு எட்டக்கூடிய தூரத்தில் ஆழ்கடல் கிடைப்பதால்தான் இங்கு கரையோரக் கணக்கெடுப்பு பொருளுள்ளதாகிறது. நியூசிலாந்தின் கைக்கோராவும் இத்தகைய இடமே. ஆனால் அங்கே கரைக்கு அருகே காணப்படுபவை பெரும்பாலும் ஆண்கள். வெப்பக் கடலான இங்கே காணப்படுபவை பெரும்பாலும் தாய்களும் குட்டிகளும் சேர்ந்த குடும்பக் கூட்டங்கள்.

இந்தக் கடலில் இதற்குமுன் யார் ஆராய்ந்திருக்கிறார்கள்?

மிகப் பழைய தரவு வேட்டைக்காரர்களுடையது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, சார்ல்ஸ் டவுன்சென்ட் 1935இல் வெளியிட்ட உலக வரைபடங்கள் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. அவற்றின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொலையைக் குறிக்கிறது. கப்பல் போகாத இடத்தில் புள்ளியும் இல்லை.

உயிருள்ள விலங்கைப் பின்தொடர்ந்த முறையான ஆய்வு 1980களில் நடந்தது. சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து, உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவுடன் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகு 1982 முதல் 1984 வரை இலங்கைக் கடலில் பணியாற்றியது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் ஆகியோர் அதில் முதன்மையானவர்கள். கொன்று அளந்து பெற்ற தரவுகளை நம்பியே திமிங்கிலத் தொகைகள் மதிப்பிடப்பட்டுவந்த காலத்தில், கொல்லாமலேயே அந்த வேலையைச் செய்யும் வழிகளை அவர்கள் இங்கே உருவாக்கினார்கள். நீரடி ஒலியைக் கொண்டு கூட்டத்தை இரவும் பகலும் பின்தொடர்வதும், வால் துடுப்பைப் படமெடுத்துத் தனித்தனி விலங்குகளை அடையாளம் காண்பதும், படகிலிருந்தே உடல் நீளத்தை அளப்பதும் அவற்றுள் அடங்கும். இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள முறைகளுள் ஒரு நல்ல பகுதி இந்தக் கடலில் பழகிப் பார்க்கப்பட்டது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. அதன்பின் போர் நீடித்ததால் கிழக்குக் கடலில் ஆய்வு நடத்துவது பல ஆண்டுகள் கடினமாக இருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலா வளர்ந்து, புதிய பதிவுகள் பெருகின.

கடலில் இதை மற்றத் திமிங்கிலங்களிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மூச்சைப் பார்த்தே அறியலாம். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் ஒற்றை மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக அமைந்திருப்பதால், அதன் மூச்சு தாழ்வாகவும் புதர்போலவும் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழும். இதே கடலில் மிகுதியாகக் காணப்படும் நீலத் திமிங்கிலத்தின் மூச்சோ உயரமான தூணாக நேரே எழும். உடலின் மூன்றிலொரு பங்கு அளவுள்ள சதுரத் தலையும், சுருக்கம் விழுந்த தோலும், முதுகில் துடுப்புக்குப் பதிலாகத் தாழ்ந்த திமிலும் மற்ற அடையாளங்கள். ஆழ்ந்து முங்கும்போது அகன்ற முக்கோண வாலை நீருக்கு மேலே தூக்கும். வளர்ந்த ஆண் சுமார் 16 மீட்டரும் பெண் சுமார் 11 மீட்டரும் நீளமிருக்கும். குள்ள ஸ்பெர்ம் திமிங்கிலம் என்ற வேறொரு சிற்றினமும் இங்கு உண்டு. அது மூன்று மீட்டரைத் தாண்டாதது. பெயர் ஒற்றுமையால் பதிவேட்டில் இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூர்மையான கண்ணுள்ள பார்வையாளர்கள் இருந்தால் எண்ணிவிட முடியாதா?

முடியாது. காரணம் எளிய கணக்கு. உணவு தேடும் ஒரு திமிங்கிலம் ஏறக்குறைய 45 நிமிடங்கள் முங்கியிருந்து, மேலே வந்து பத்து நிமிடங்களளவு மூச்சுவிட்டு மீண்டும் இறங்குகிறது. அதாவது அதன் சுற்று 55 நிமிடங்கள். ஆய்வுப் படகு 10 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 18.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும், முன்னால் நான்கு கிலோமீட்டர்வரை மூச்சு தெளிவாகத் தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். படகின் நேர்ப்பாதையில் இருக்கும் திமிங்கிலம் பார்வை எல்லைக்குள் இருப்பது 13 நிமிடங்கள் மட்டுமே. அந்த 13 நிமிடங்களுள் ஒரு கணமேனும் அது மேலே இருப்பதற்கான வாய்ப்பு 55இல் 23, ஏறக்குறைய 42 விழுக்காடு. பார்வையாளர் கண் இமைக்காமல் இருந்தாலும் பாதிக்கு மேற்பட்டவை தவறிவிடும் என்பதே இதன் பொருள்.

நடைமுறையில் இன்னும் சிக்கல் உண்டு. கூட்டத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் முங்குவதில்லை. ஆகவே கூட்டத்தைக் காணும் வாய்ப்பு தனி விலங்கைக் காணும் வாய்ப்பைவிட மிகுதி. பெண் திமிங்கிலங்கள் நாளின் ஒரு பகுதியை, குறிப்பாகப் பிற்பகல்களில், நீர்மட்டத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டும் ஓய்வெடுத்துக்கொண்டும் மணிக்கணக்கில் கழிப்பதுண்டு. அப்போது ஒரு கூட்டம் முழுவதையும் எளிதாக எண்ணலாம். காற்று கூடி வெண்ணுரை தெறிக்கத் தொடங்கினால் தாழ்ந்த மூச்சைக் கண்டுபிடிப்பது அரிதாகிவிடும். ஆகவே ‘இன்று இத்தனை கண்டோம்’ என்ற எண்ணிக்கை, கண்டறியும் வாய்ப்பால் திருத்தப்படாதவரை, தொகையைப் பற்றி எதுவும் சொல்லாது.

அப்படியானால் ஒலியைக் கேட்டுக் கணக்கெடுப்பது எப்படி?

இருண்ட ஆழத்தில் இரையைத் தேட ஸ்பெர்ம் திமிங்கிலம் ‘டிக், டிக்’ என்று அரை நொடி முதல் இரண்டு நொடிகளுக்கு ஒருமுறை ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். இரையை நெருங்கும்போது அந்த ஓசைகள் நெருங்கி, துருப்பிடித்த கதவு திறப்பதுபோன்ற ஒரே இழுப்பாகக் கேட்கும். விலங்குலகில் அளக்கப்பட்ட ஓசைகளுள் மிக வலியது அந்த ‘டிக்’ ஓசையே. ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கியை இறக்கினால், அமைதியான கடலில் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள விலங்கும் கேட்கும். கண்ணுக்குத் தெரியாமல் முங்கியிருக்கும் அதே வேளையில்தான் அது மிகுதியாகச் சத்தமிடுகிறது என்பது கணக்கெடுப்பவருக்குக் கிடைத்த பேறு.

வழக்கமான ஏற்பாட்டில், படகின் பின்னால் நூறு மீட்டரளவு நீண்ட வடத்தில், சில மீட்டர் இடைவெளியில் பொருத்திய இரண்டு ஒலிவாங்கிகள் இழுத்துச் செல்லப்படும். ஒரே ஓசை இரண்டையும் எட்டும் நேர வேறுபாட்டிலிருந்து திசைக்கோணம் கிடைக்கும். ஆனால் ஓசை படகின் வலப்பக்கத்திலிருந்து வருகிறதா, இடப்பக்கத்திலிருந்து வருகிறதா என்பது இந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. படகைச் சற்றுத் திருப்பி மறுபடி அளந்தால்தான் பக்கம் தெளிவாகும். படகு நேர்கோட்டில் முன்னேற முன்னேற, மாறிவரும் கோணங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமே விலங்கின் இருப்பிடம். இதற்கான பாம்கார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இழுக்கும் வடம் வாங்க வசதியில்லாத குழு, அரை மணிக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, ஒற்றை ஒலிவாங்கியை இறக்கிச் சில நிமிடங்கள் கேட்டு ‘உண்டு’, ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே போகலாம். பரவலை மட்டும் அறிய விரும்பும் சிறு குழுவுக்கு இது போதுமானது. விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருப்பதைவிட இதையே ஒழுங்காகச் செய்வது மேல்.

ஒலிக்கும் குறையுண்டு. மேலே கூடி உறவாடும் கூட்டம் இரை தேடும் ஓசையை நிறுத்திவிட்டு, ‘கோடா’ எனப்படும் சிறு ஓசைத்தொடர்களை மட்டும் எழுப்பும். ஓய்வெடுக்கும்போது முற்றிலும் மௌனமாகவும் இருக்கலாம். அப்போது காது தவறவிடுவதைக் கண் பிடிக்கும். இரண்டு குழுக்களும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியே பதிந்தால், ஒன்று தவறவிட்டதை மற்றொன்றைக் கொண்டு மதிப்பிடலாம். சொல்லிக்கொண்டால் அந்த மதிப்பீடு கெட்டுவிடும். தெவிநுவரவுக்குத் தெற்கே செல்லும் உலகப் பெருங்கப்பல் பாதையின் இரைச்சல் கேட்கும் தூரத்தைக் குறைப்பதால், அங்கே கேட்கவில்லை என்பதையும் அமைதியான கிழக்குக் கடலில் கேட்கவில்லை என்பதையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

ஒலியிலிருந்து விலங்கின் அளவையும் அறியலாமாமே?

ஆம். ஒவ்வொரு ‘டிக்’ ஓசையும் உண்மையில் பல துடிப்புகளைக் கொண்டது. தலையிலுள்ள எண்ணெய்ப் பையின் முன்னும் பின்னும் ஒலி எதிரொலிப்பதால் அவை உண்டாகின்றன. தலை பெரிதானால் துடிப்புகளுக்கிடையிலான நேரமும் கூடும். ஜொனதன் கோர்டன், இலங்கைக் கடலில் படமெடுத்து அளந்த நீளங்களோடு இந்த இடைவெளிகளை ஒப்பிட்டு, ஒலியிலிருந்து உடல் நீளத்தைக் கணிக்கும் சூத்திரத்தை 1991இல் வெளியிட்டார். குட்டிகளும் தாய்களும் எங்கே, பெரிய ஆண்கள் எங்கே என்று பிரித்து வரைபடமாக்க இது பயன்படுகிறது. இப்போது டிரோன் படங்களாலும் நீளத்தை அளக்கிறார்கள்.

படகு செல்லும் பாதையை எப்படி வகுப்பது?

திமிங்கிலம் இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்கு நேரே போவதுதான் முதலாவது தவறு. பாதைகள் முன்கூட்டியே வரைபடத்தில் வகுக்கப்பட வேண்டும். தொடக்கப் புள்ளி எழுமாற்றாக, அதாவது குலுக்கல்முறையில், தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் ஆழக்கோடுகளுக்கு இணையாகப் போகாமல் அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சமாந்தரக் கோடுகளோ, இங்குமங்குமாக மடங்கிச் செல்லும் கோடுகளோ பொருத்தமானவை. அப்போதுதான் 50 மீட்டர் ஆழமும் 2,000 மீட்டர் ஆழமும் தத்தம் பரப்புக்கு ஏற்ற பங்கைப் பெறும். திமிங்கிலம் இல்லை என்று தெரிந்த ஆழமற்ற பகுதியில் எரிபொருளைச் செலவழிப்பது வீண் என்று படகோட்டி முணுமுணுக்கத்தான் செய்வார். இருந்தும் ‘இல்லை’ என்ற பதிவும் ‘உண்டு’ என்ற பதிவுக்குச் சமமான தரவு.

கூட்டத்தைக் கண்டதும் பாதையைவிட்டு விலகி நெருங்கிப் படமெடுக்கலாம். ஆனால் விலகிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் கண்டவற்றைக் கோட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ட விலங்கின் கோணத்தையும் தூரத்தையும் கொண்டு, கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் கணக்கிடப்படும். தூரம் கூடக்கூடக் காண்பது எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து படகு உண்மையில் துழாவிய அகலத்தை மதிப்பிடுவதே இம்முறையின் உயிர்.

எந்த மாதங்களில் செய்வது?

இந்தக் கேள்விக்குத் தரப்படும் வழக்கமான விடையே இலங்கையின் திமிங்கில வரைபடத்தைக் கெடுத்திருக்கிறது என்பேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தெற்கும் மேற்கும் கொந்தளிப்பதால், மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் படகுகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையே செல்கின்றன. கிழக்கிலோ வாடைக்காற்று ஓய்ந்த பிறகு, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. கற்பிட்டியில் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பெருங்கூட்டங்கள் பதியப்படுவதையும், கிழக்கில் அடுத்து வரும் மாதங்களில் பதிவுகள் தொடங்குவதையும் சேர்த்துப் பார்த்து, ‘திமிங்கிலங்கள் மேற்கிலிருந்து கிழக்குக்கு இடம்பெயர்கின்றன’ என்று சுற்றுலா விளம்பரங்கள் எழுதுகின்றன. இடம்பெயர்ந்தது படகுகள் என்பது மட்டுமே உறுதி.

இதைத் தீர்க்க, கடலடியில் நங்கூரமிட்டு மாதக்கணக்கில் தானாகவே பதிவு செய்யும் ஒலிப்பதிவுக் கருவிகளே ஏற்றவை. கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் அவை கேட்டுக்கொண்டிருக்கும். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என ஒரே ஆண்டு முழுவதும் வைத்தால், பல பருவப் படகுப் பயணங்கள் சொல்லாததை அவை சொல்லும்.

சுற்றுலாப் படகுகளும் மீனவர்களும் தரும் பதிவுகளுக்கு மதிப்பில்லையா?

நிறைய உண்டு, முயற்சியும் சேர்த்துப் பதியப்பட்டால். ‘இன்று 12 திமிங்கிலங்கள்’ என்ற குறிப்பு மட்டும் போதாது. எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எந்த வழியாகப் போனார்கள், எத்தனை மணி நேரம் தேடினார்கள், கடல் எப்படி இருந்தது, ஒன்றும் காணாமல் திரும்பிய நாட்கள் எவை என்பனவும் வேண்டும். இன்று கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் தடத்தைச் சேமிக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். சுற்றுலாப் படகுகள் நேற்றுக் கண்ட இடத்துக்கே இன்றும் போகும், ஒன்றுக்கொன்று தொலைபேசியில் சொல்லிக்கொள்ளும். ஆகவே ஒரே கூட்டம் பத்துப் படகுகளின் ஏட்டில் பத்துக் கூட்டங்களாகிவிடும். பலநாள் படகுகளில் ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்களோ ஆய்வுப் படகுகள் எட்டாத இடங்களை அறிந்தவர்கள். அவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்பதும், பெயர்களை நாமே எடுத்துக்கொடுக்காமல் அவர்கள் சொல்வதைக் கேட்டெழுதுவதும் நல்ல நேர்காணலின் இலக்கணம்.

ஒரே விலங்கை இரண்டு முறை எண்ணாமல் இருப்பது எப்படி?

முங்கும்போது உயரும் வாலின் பின்விளிம்பிலுள்ள வெட்டுகளும் கிழிசல்களும் விலங்குக்கு விலங்கு வேறுபட்டு, பல ஆண்டுகள் மாறாமல் நிற்கும். படகைச் சரியாகப் பின்னால் நிறுத்தி வாலைப் படமெடுத்தால் ஒவ்வொன்றையும் அடையாளமிடலாம். எடுத்துக்காட்டாக, முதல் பருவத்தில் 60 விலங்குகளையும் அடுத்த பருவத்தில் 50 விலங்குகளையும் படமெடுத்து, அவற்றுள் 15 பொதுவானவை என்றால், தொகை ஏறக்குறைய 60 × 50 ÷ 15 = 200. இக்கணக்கு, எல்லா விலங்குகளும் படமெடுக்கப்படுவதற்குச் சமவாய்ப்புள்ளவை என்றும், இடையில் யாரும் வரவோ போகவோ இல்லை என்றும் கருதுகிறது. குட்டிகள் பெரும்பாலும் வாலைத் தூக்குவதில்லை. எனவே அவை இக்கணக்கில் விடுபடும்.

கரையிலிருந்தே பார்க்கலாமா?

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்து திமிங்கிலங்களைக் கண்டவர்கள் பலர். கண் நூறு மீட்டர் உயரத்திலிருந்தால் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். படகில் மூன்று மீட்டர் உயரத்தில் அது ஆறு கிலோமீட்டர்தான். ஆனாலும் தாழ்ந்த மூச்சு அவ்வளவு தொலைவில் தெரியாது. கரைப் பார்வை ஒரே இடத்தின் பருவ மாற்றத்தை அறிய நல்லது, செலவும் குறைவு. பரவலை அறிய அது உதவாது.

கரையொதுங்கிய உடல்களும், இத்திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மெழுகுபோன்ற அம்பரும் பரவலைக் காட்டுமா?

இறந்த உடல் நாட்கணக்கில் மிதந்து நீரோட்டத்தோடு வருவதால், ஒதுங்கிய இடம் வாழ்ந்த இடமாகாது. உணவு, நச்சு, மரபணு ஆகியவற்றை ஆராய அது அரிய வாய்ப்பு. அம்பர் இன்னும் நெடுந்தொலைவு மிதக்கக்கூடியது. அதன் இருப்பிடம் எதற்கும் சான்றாகாது. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் கண்டெடுப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

பாக்கு நீரிணையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் இதே முறையில் தேடலாமா?

பாக்கு நீரிணை மிக ஆழமற்றது. ஸ்பெர்ம் திமிங்கிலம் அங்கே வாழ வழியில்லை, வந்தால் வழிதவறி வந்ததே. மன்னார் வளைகுடா தெற்கே செல்லச்செல்ல ஆழமாகிறது. அங்கே கன்னியாகுமரிக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட ஆழ்நீரை இரு நாட்டுக் குழுக்களும் ஒரே முறையில், ஒரே பருவத்தில் துழாவினால் பயனுண்டு. கடல் எல்லைக்கோடு ஆய்வுப் படகைத் தடுக்கும், திமிங்கிலத்தைத் தடுக்காது.

அனுமதி தேவையா? விலங்குக்குத் தொல்லை ஆகாதா?

இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நெருங்கும்போது பின்பக்கமாகச் சாய்வாக, மெதுவாகச் சென்று, முன்னால் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். மூச்சுவிடும் பத்து நிமிடங்களை இடையூறு செய்து சுருக்கினால், அடுத்த முங்கலும் அதனால் கிடைக்கும் உணவும் சுருங்கும். குட்டியோடு தனித்திருக்கும் தாயை விட்டு விலகிவிடுவதே முறை.

எத்தனை ஆண்டுகள் செய்தால் தொகை கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்ல முடியும்?

எதிர்பார்ப்பதைவிட நெடுங்காலம். பெண் திமிங்கிலம் ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து, நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டியை ஈனுகிறது. எல்லாம் நன்றாக அமைந்தாலும் தொகை ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டளவே பெருகும் என்று கணிக்கப்படுகிறது. ஒரு கணக்கெடுப்பின் பிழை எல்லையோ 20, 30 விழுக்காடு இருப்பது வழக்கம். ஆகவே ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று வளர்ச்சியைக் காட்டியதாக அறிக்கை வந்தால், முறை மாறியதா, படகு மாறியதா, பருவம் மாறியதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெருங்குறைவு மட்டும் விரைவில் தெரியலாம். ஒரே கோடுகள், ஒரே மாதங்கள், ஒரே வகைக் கருவி என்று பத்து, இருபது ஆண்டுகள் கைமாற்றித் தரக்கூடிய எளிய திட்டத்தையே தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.